காகிதப் பாய்ப்படகும் என் மோதிர விரலும்

கையுறையைக் கழற்றிய பிறகும் கழற்றாத மாதிரியே இருந்தது. அதுதான் முதல் அறிகுறி.

கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். அன்று காலில் புண்ணோடு வந்த ஒருவருக்குக் கட்டு மாற்றிவிட்டுக் கையுறையை உருவிப் போட்டேன். கை கழுவும்போது தண்ணீர் சில்லென்று உறைக்கவில்லை. விரல் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஒன்று இருப்பதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். வெறுங்கைதான்.

செவிலியர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவருக்குத் தும்மல் வந்தால் டாக்டரைப் பார் என்போம். நமக்கு ஏதாவது வந்தால் மருந்து அலமாரியைத் திறப்போம். பத்து நாள் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. அந்தக் களைப்பு என்று நானே முடிவு செய்து, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மறுநாள் உள்ளங்காலும் மரத்தது. அதற்கு அடுத்த நாள் மலையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுக் கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது முழங்கால் மடங்கி, பஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா சிஸ்டர், பாத்து எறங்கக் கூடாதா?” என்றார் கண்டக்டர். தினமும் பார்க்கிற மனிதர். பார்த்துத்தான் இறங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது கால் மரத்து, அந்த மரப்பு நாளுக்கு நாள் மேலே ஏறினால், தயவுசெய்து அலமாரியைத் திறக்காதீர்கள். ஓடுங்கள். ஓட முடிகிற வரையில்தான் ஓட முடியும்.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். அவர் முகத்தை நான் பார்த்தேன், என் முகத்தை அவர் பார்த்தார். இருவருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே முதுகுத் தண்டு நீர் எடுத்தார்கள் (கீழ் முதுகில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரைச் சோதனைக்கு எடுப்பது). நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று அளந்தார்கள். ஜி.பி.எஸ். என்றார்கள் (செல்போனில் வழி காட்டுவது இல்லை; கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடலின் காவல் அணுக்கள், ஆள் தெரியாமல் நம் நரம்புகளையே தாக்கும் நோய்). வயிற்றுப்போக்குக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். பாடத்தில் படித்திருக்கிறேன், ஐந்து மதிப்பெண் கேள்வி.

மரப்பு ஏறிக்கொண்டே வந்தது. மூச்சுத் தசையைத் தொட்டால் செயற்கைச் சுவாசக் கருவி வைக்க வேண்டும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முதல் நாள் இருபத்தாறு வரை எண்ணினேன். இரண்டாம் நாள் பதினேழு. மூன்றாம் நாள் பதினொன்றில் நின்றது. கட்டில் ஓரத்தில் நின்றிருந்த என் கணவர் சேவியர், பன்னிரண்டு என்று உதட்டை மட்டும் அசைத்தார். அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிட் கொடுத்துப் பாஸ் பண்ண வைக்கலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

இம்யூனோகுளோபுலின் (பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்றினார்கள். பதினொன்று, பதினொன்று, பதின்மூன்று, இருபது என்று எண்ணிக்கை திரும்பியது. கருவி வைக்காமலே தப்பினேன். இருபத்தைந்தைத் தொட்ட அன்று சேவியர் வெளியே போய் அழுதுவிட்டு, டீ குடிக்கப் போனதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நீளமான பகுதி. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நரம்பு டாக்டரம்மா ஒருவர், என்னைவிட வயதில் சிறியவர், எனக்கு விளக்கினார். “ஒயருக்கு மேல இருக்கிற ரப்பர் மட்டும் போயிருந்தா சீக்கிரம் சரியாயிடும் சிஸ்டர். உங்களுக்கு உள்ள இருக்கிற கம்பியும் கொஞ்சம் போயிருக்கு. அது வளரணும்.”

“எவ்ளோ நாளாகும்?”

“ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க. அவசரப்பட்டாலும் அது கேக்காது.”

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சேவியரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நானூற்று இருபது மில்லிமீட்டர். ஒரு வருஷத்துக்கும் மேலே. ஸ்கேலைத் தூக்கி எறிய நினைத்தேன். எறியவும் கை வேண்டும்.

நான்காவது மாதம் வாக்கரைப் பிடித்து நடந்தேன். கால் திரும்பியதில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கால் பெரிய விஷயமாக இல்லை. என் கவலை கை. மலையில் வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வரும் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெயின் கிடைக்கவில்லை என்றால் ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிடு என்பார்கள். பதினாறு வருஷமாக என் பெயருக்கு அதுதான் மரியாதை. என் வலது ஆள்காட்டி விரல் நுனிக்குத் தெரிந்தது என் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

அந்த விரல்தான் இப்போது நைட்டியின் பொத்தானைத் தேடிக்கொண்டு திரிந்தது.

மேலதிகாரி அன்பாகத்தான் போனில் பேசினார். “மலைக்கு ஏறி எறங்கிக் கஷ்டப்பட வேணாம் ஸ்டெல்லா. டவுன்லயே ரெஜிஸ்டர் பாக்குற எடம் ஒண்ணு இருக்கு. எழுதிக் குடுத்தா மாத்திடலாம்.” அவர் நல்லது நினைத்துச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் கவிதா, பருப்பில் கல் பொறுக்கச் சொன்னாள். இரண்டு வாரம் பொறுக்கினேன். கல்லே இல்லாத பருப்பில் அவளே கல்லைப் போட்டு என்னைப் பொறுக்க வைக்கிறாள் என்று தெரிந்த அன்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன்.

“சரிக்கா, பேப்பர் வெட்டுங்க. கோட்டு மேலயே வெட்டணும். ஒட்டுங்க. எதுனா செய்ங்க, ஆனா சின்னச் சின்னதா இருக்கணும்” என்றாள்.

எங்கள் தெருமுனையில் நசீர் பாய் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் புராஜெக்ட் என்று சொல்லிவிட்டால் பெற்றோர் ஓடுகிற முதல் இடம் அதுதான். வெட்டி ஒட்டுகிற காகித மாதிரிகள் அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கட்டு உண்டு. சேவியர் போய்க் கேட்டுவிட்டு வந்து பட்டியல் சொன்னார். தாஜ்மகால், ரயில் எஞ்சின், கலங்கரை விளக்கம், ஒரு பாய்ப்படகு.

“தாஜ்மகாலே வாங்கியாந்துடட்டா? எல்லாப் புள்ளைங்களும் அதத்தான் செய்யுதாம்.”

“ஆறாங்கிளாஸ் புள்ளைங்க ஒட்டுறத நா ஒட்டணுமா? யாருமே வாங்காதது எது?”

“படகு. அதுல துண்டு ஜாஸ்தி, ஒருத்தரும் முடிச்சதில்லைன்னு பாய் சொன்னாரு.”

“அதான் எனக்கு.”

அது நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடலில் பந்தயம் ஓடிய படகாம். ஒல்லியான உடம்பு, ஒற்றைப் பாய்மரம், உடம்பைவிடப் பெரிய பாய். அசலை இத்தனை மடங்கு சுருக்கியது என்று முதல் தாளில் போட்டிருந்தது. படகின் பெயர் எழுதிய துண்டு அரிசி அளவு இருந்தது. முதல் வாரமே வீடு பெருக்கும்போது போய்விட்டது. வாயில் நுழையாத பெயர், நினைவிலும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் அது வெறும் படகு.

தடித்த அட்டை தீர்ந்துபோனதால், முதல் நாள் நான்கு தாள்தான் நசீர் அச்சடித்துக் கொடுத்தார். மீதி மறுநாள் வந்தது. நான் வெட்டிக் கெடுப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால் மறுநாள் வந்த தாள்களை இரண்டு பிரதி அதிகமாக ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்னேன். இது பின்னால் வரும்.

வேலையை என் தொழில் முறையில் செய்தேன். வெட்ட, அறுவைக்கு வைக்கும் பிளேடு. பிடிக்க, நுனி கூரான இடுக்கி. பசையைத் தண்ணீரில் இளக்கி, ஊசி போடும் சிரிஞ்சில் ஏற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காயும் வரை பிடித்து நிற்க, கட்டுப் போடும் பிளாஸ்டர். துண்டுகளுக்கும் எனக்குத் தெரிந்த பெயர்தான். நீளவாக்கில் முதுகெலும்பு, குறுக்கே இருபத்திரண்டு விலா எலும்பு, அதன் மேல் போர்த்தத் தோல்.

முதுகெலும்புக்கு அடியில் ஆழமாக ஒரு பட்டை இறங்கியது. சேவியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படகுக்கு அடி தட்டையாத்தான இருக்கும்? கோமுகி அணைல பாத்துக்கினுதான இருக்கோம். இது நிக்க வெக்கிற ஸ்டாண்டா இருக்கும், வெட்டிடு.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிளேடை வைக்கும் முன் நசீருக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாளில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அது தண்ணிக்குள்ள இருக்கும் சிஸ்டர், கனம் அதுலதான் இருக்கு, இல்லேன்னா கவுந்துடும் என்றார்.

ஒரு விலாவை வெட்ட முதலில் ஒரு முழுக் காலை ஆனது. வியர்த்து ஊற்றும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விளிம்பு சரியாக வந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஆள்காட்டி விரலை வைத்தால், பஞ்சைத் தொடுவதுபோல் இருக்கும். என்னை அறியாமலே மோதிர விரலால் தடவ ஆரம்பித்திருந்தேன். அதில் மட்டும் அட்டையின் ஓரம் லேசாக உறுத்தியது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் எலும்புக்கூடு நின்றது. எனக்குள்ளே ஒரு கணக்கு இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. தோலைப் பிசிறில்லாமல் போர்த்திவிட்டால் மலைக்குப் போவேன். முடியாவிட்டால் ரெஜிஸ்டர்.

தோல் பொருந்தவில்லை.

முன்பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே போனேன். பின்முனைக்கு வரும்போது ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. இழுத்தேன், கிழிந்தது. எங்கேயோ கோட்டை விட்டு உள்ளே வெட்டியிருக்கிறேன் என்று நினைத்து, இரண்டாவது பிரதியை எடுத்தேன். இந்த முறை கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கோட்டின் மேலேயே வெட்டினேன். அதே ஒன்றரை சென்டிமீட்டர். மூன்றாவது பிரதிக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். அதுவும் அப்படியே.

அன்று எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. கோட்டின் மேல் வெட்டுவதாக நான் நினைக்கிறேன், கை வேறெங்கோ போகிறது, அது போவதுகூட எனக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். இந்தக் கையை ஒரு குழந்தை மேல் எப்படி வைப்பேன்? சோறு இறங்கவில்லை. சேவியர் ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். அந்த நோயை விட அன்று நான் பேசியதுதான் எனக்கு இன்னமும் வலிக்கிறது.

மறுநாள் காலை இடமாற்றம் கேட்டு மனு எழுத உட்கார்ந்தேன். ஓரக் கோடு போடாமல் எனக்கு எழுத வராது. ஸ்கேலை எடுத்தேன். அடியில் கிடந்த தோல் தாளின் மிச்சத்தின் மேல் அது போய் உட்கார்ந்தது. அந்தத் தாளின் மூலையில் சின்னதாக ஒரு கோடு இருந்தது, அளவு சரிபார்க்க என்று ஐந்து சென்டிமீட்டர் குறித்திருந்தது. ஸ்கேலில் அது நாலே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

எலும்புக்கூடு வெட்டிய முதல் நாள் தாளின் மிச்சத்தைத் தேடி எடுத்து அதில் வைத்தேன். சரியாக ஐந்து.

தப்பு கையில் இல்லை, தாளில். மருந்து ஏற்றும் முன் லேபிளை மூன்று தரம் படி என்று பயிற்சிக்கு வரும் பெண்களைப் படாதபாடு படுத்துகிறவள் நான். ரத்த அழுத்தக் கருவி தப்பாகக் காட்டினால் முதலில் கருவியைப் பார், நோயாளியைத் திட்டாதே என்பேன். இங்கே நோயாளி நான் என்பதால், திட்டித் தீர்த்துவிட்டேன்.

சேவியர் நசீரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். நசீர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“அல்லா! மறுநாள் ஆதார் பிரிண்ட்டுக்கு கும்பல் சிஸ்டர். அத தாளுக்குள்ள அடங்குற மாதிரி சுருக்கிப் போட்டுக்கினு இருந்தேன். அந்த செட்டிங்க மாத்தாமலே ஒங்களுதையும் போட்டுட்டேன். அதுலேர்ந்தே ஜெராக்ஸும் எடுத்துக் குடுத்துட்டேன். கோச்சிக்காதீங்க.”

“மூணு தபா வெட்டினேன் பாய்.”

“மூணு தபாவும் ஒரே எடத்துல கம்மியாச்சா?”

“ஒரே எடத்துல.”

அவர் கிழிந்த மூன்று தோலையும் எடுத்து அடுக்கினார். ஓரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன, ஒரே தாள் மாதிரி. “சிஸ்டர், எங்கடைல இருக்குற கட்டிங் மெஷின்கூட இப்டி வெட்டாது” என்றார்.

அப்போது அழுதேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தபோது அழாதவள், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் முன்னால் விக்கி விக்கி அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், ஃப்ரீயா அடிச்சித் தர்றேன் சிஸ்டர், கலர்லயே தர்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேவியர் சிரித்தார். முந்தின நாள் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடு, எனக்குக் காது மரத்துப்போச்சி” என்றார்.

புதுத் தோல் பொருந்தியது. பிசிறு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மனு எழுத எடுத்த தாளைப் பசை துடைக்க வைத்துக்கொண்டேன்.

படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் என்னைக் குணமாக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குணமாக்கியது மருந்தும் காலமும். படகு இல்லாவிட்டாலும் நரம்பு அதன் வேகத்தில்தான் வளர்ந்திருக்கும். ஆனால் வளர்ந்தது எனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் நோயாளிக்கு, அவர் கை செய்ததை அவரே பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். கொடுக்கும் முன் அளவைச் சரிபாருங்கள்.

பதினான்காவது மாதம் மலைக்குத் திரும்பினேன். டாக்டர் முதல் மாதம் என்னை ஊசிப் பக்கமே விடவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. புதிதாக வந்த சிஸ்டர் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை. அவளும் டாக்டரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தையின் கையைப் பிடித்தேன். பழக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தேன். பஞ்சு. பதினாறு வருஷம் எனக்குச் சோறு போட்ட விரல், ஒன்றும் சொல்லவில்லை. விரலை எடுத்துவிட்டு மோதிர விரலை வைத்தேன். மணிக்கட்டுக்கு மேலே, அட்டை ஓரம்போல மெல்லியதாக ஒன்று, அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பியது.

“சிஸ்டர், ஒங்க கை நடுங்குதே” என்றாள் குழந்தையின் அம்மா.

“அது நடுங்கும். நீ புள்ளையக் கெட்டியாப் புடிச்சிக்கோம்மா.”

கையுறை போட்டுக்கொண்டு, இடத்தைத் துடைத்து, ஊசியை இறக்கினேன். ஊசிக் குழாயின் அடியில் ரத்தம் எட்டிப் பார்த்தது. பிளாஸ்டர் ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. முன்பெல்லாம் அது மெதுவாய்த் தெரியும், வேகத்தைக் கூட்டக் கை பரபரக்கும். அன்று நின்று பார்த்தேன். அவசரமே இல்லாமல் அது இறங்க வேண்டிய வேகத்தில் இறங்கியது. மதியத்துக்குள் குழந்தை கத்தி அழுதது, கண்ணீரோடு.

வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன். மலைக்காற்று அடித்தது. நான்கு விரல்கள் இன்னும் ரப்பருக்குள்ளேயே இருந்தன. மோதிர விரல் மட்டும் குளிர்ந்தது.